வினிகரில் பொங்காத மூன்று கல்

மீனுக்கு நிறம் போய்க்கொண்டிருந்தது. வாங்கி வந்த அன்றைக்கு ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருந்தது, பத்தாவது நாள் ஊறப்போட்ட அரிசி மாதிரி ஆகிவிட்டது. தொட்டியின் மூலையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. கண்ணாடியில் விரலால் தட்டினால் இன்னும் கொஞ்சம் மூலைக்குள் ஒண்டியது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எதற்குமே எனக்கு முதலில் வருவது அதுதான், பயம் அதன் பின்னாலேயே வரும். பயத்தில் யாரையாவது நாலு வார்த்தை திட்டினால் கொஞ்சம் தேவலையாக இருக்கும். அதனால் மீனைத் திட்டினேன். "இன்னாத்துக்கு இப்டி படுத்துகினு கீற? உன்ன இங்க யாரு இன்னா பண்ணாங்க?"

மீன் என் வீட்டுக்காரர் வெற்றியுடையது. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். போனால் கரைக்கு வரப் பதினைந்து நாள் ஆகும். ராயபுரத்தில் ஏதோ ஆபீசைக் காலி செய்தார்கள் என்று மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு பேரட் மீன், தொட்டியைத் துடைக்க ஒரு சக்கர் மீன், இரண்டையும் வாங்கி விட்டார். "மீன் புடிக்கிறவன் வூட்ல மீன் தொட்டியா? ஊரு சிரிக்கும்" என்றேன். "நான் பாத்த மீனெல்லாம் என்ன கண்டா ஓடுது சுஜா. ஒண்ணாவது என்ன பாத்து வரட்டுமே" என்றார். மறுநாள் கடலுக்குப் போய்விட்டார். கல், செடி எல்லாம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீன் செத்தால் இன்னொரு மீன் வாங்கினால் ஆயிற்று என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் அப்படி முடியாது. என் மாமியார் மங்கம்மா எனக்குச் சொந்த அத்தைதான், அப்பாவின் தங்கை. மாமா கடலில் போய்ச் சேர்ந்தவர், உடல்கூடக் கிடைக்கவில்லை. அதிலிருந்து அத்தைக்கு ஒரு சட்டம். மகன் கடலில் இருக்கிற வரைக்கும் வீட்டுக்குள் ஒரு உயிர் போகக் கூடாது. கோழி அறுக்கக் கூடாது, கரப்பான்பூச்சியைத் துடைப்பத்தால் வெளியே தள்ளலாம், அடிக்கக் கூடாது. "காலைல மார்க்கெட்ல குந்திகினு கூடை கூடையா மீன வெட்டி விக்கிறியே, அது இன்னா?" என்று கேட்டிருக்கிறேன். "அது யாவாரம்மே" என்பாள். நான் சிரிப்பேன். ஆனால் பத்தாவது நாள் அந்த மீன் படுத்திருந்த படுக்கையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று டிவியில் அன்றைக்குக் காலையில்தான் சொல்லியிருந்தார்கள்.

தேரடி பக்கம் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் தமீமிடம் ஓடினேன். போனில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "நோய் இல்லக்கா. பயம்" என்றான். "தொட்டி மொட்டையா கீது பாரு. பேரட்டுக்கு ஒளிய எடம் வேணும். எடம் இல்லன்னா பயந்து பயந்து கலர் வுட்டுரும், துன்னாது, அப்பால படுத்துரும். நாலு கல்ல வெச்சி குகை மாதிரி கட்டிக் குடு."

"கல்லு எவ்ளோ?"

"டிராகன் கல்லு கிலோ நூத்தி எம்பது. உன் தொட்டிக்கு ஆறு கிலோ ஆவும்."

ஆயிரத்துக்கு மேல். அந்தக் காசுக்கு முழுசாக ஒரு வஞ்சிரம் வாங்கலாம். "கல்லுக்கா இந்த வெல? கல்லு இன்னா முட்டயா போடுது?" என்று கேட்டேன். தமீம் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் பாக்கெட் போட்டு நீலமும் ரோஸுமாகக் கூழாங்கல் இருந்தது, விலை மலிவு. அதில் கை வைத்தேன். "அது சாயம்க்கா, தண்ணில உரியும். விக்கிறேன், ஆனா உனக்கு வேணாம்" என்று பிடுங்கி வைத்தான். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

வெளியில் கல் பொறுக்கினாலும் போதும் என்று அவன்தான் வழி சொல்லிக் கொடுத்தான். கல்லில் வினிகரைச் சொட்டுவிட வேண்டும். நுரை பொங்கினால் சுண்ணாம்புக் கல், தண்ணீரைக் கெடுக்கும், தூக்கிப் போடு. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, அதுவும் வேண்டாம். கூர் முனை இருந்தால் மீன் உரசிக்கொள்ளும். அடுப்பில் போட்டுக் கொதிக்கவைக்காதே, சில கல் வெடிக்கும், சுடுதண்ணீரை ஊற்றித் தேய்த்தால் போதும். "கடல்கரைல கெடக்கற சிப்பி ஒட்டின கல்லு வேணவே வேணாம்" என்றும் சொன்னான்.

எங்கள் குப்பத்துக்காரிக்குக் கல்லுக்கா பஞ்சம்? அலை ஊருக்குள் வராமலிருக்க யானை யானையாகக் கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறைச் சந்துகளில் இறங்கி, உடைந்து கிடந்த சில்லாக ஏழெட்டுப் பொறுக்கினேன். கடல் அன்றைக்கே சேற்று நிறத்துக்கு மாறியிருந்தது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, கடலுக்குப் போனவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும், துறைமுகத்தில் இரண்டாம் எண் கூண்டு ஏற்றியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனார்கள். கடலில் இருக்கிறவர் காதில் அது எப்படி விழும்? தெருவில் இருக்கிற எங்களிடம் கத்தி என்ன செய்ய? கையில் இருந்த கல்லை அந்த ஆட்டோ மேல் எறியலாம் போல இருந்தது.

படகின் முதலாளி ஜெயவேல் அண்ணனுக்குப் போன் போட்டேன். சேர்ந்து போன பதினாலு படகில் பன்னிரண்டு வந்துவிட்டது என்றார். வெற்றியின் படகும் இன்னொன்றும் வரவில்லை.

"நெல்லூரு பக்கம் கீறோம்னு முந்தாநேத்து ஒயர்லெஸ்ல சொன்னானுங்கமா. கிருஷ்ணப்பட்டணத்துல ஒதுங்கியிருப்பானுங்க. பேஜார் ஆவாத."

"ஒதுங்கிட்டாங்கன்னு தெரியுமா, நீயா சொல்றியாண்ணே?"

யாரோ கூப்பிடுகிறார்கள் என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கல்லையெல்லாம் அடுக்களைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். கடலில் இறங்கி அவரை இழுத்துக்கொண்டு வர முடியாது, கல்லையாவது சோதிக்கலாம். வினிகரைச் சொட்டுவிட்டேன். ஒன்று சீறிக்கொண்டு பொங்கியது, பார்த்தால் அது கல்லே இல்லை, பழைய காங்கிரீட் துண்டு. பொங்காதவற்றை எடுத்துச் சுடுதண்ணீர் ஊற்றினேன், வீடு முழுக்க டீசல் நாற்றம் கிளம்பியது. படகு எண்ணெயெல்லாம் எத்தனை வருஷமாக அதில் ஊறியதோ. பாத்திரம் கழுவுகிற சோப்பு போட்டுத் தேய்த்தும் கறுப்பு விடவில்லை. அத்தனையையும் வாரி வெளியில் கொட்டினேன். "கலீஜ்!" என்று கத்தினேன், கடலைத்தான்.

விம்கோ நகரில் பழைய கம்பெனி இடத்துச் சுவரோரம் நீலமாகப் பளபளக்கிற கல் கிடக்கும் என்று ஞாபகம் வந்தது. போய் ஒரு பை எடுத்து வந்தேன். பார்க்க அவ்வளவு அழகு. பிரிட்ஜில் ஒட்டியிருந்த மாம்பழக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது. கல் இல்லை, இரும்பு உருக்கிய கசடு. இதை உள்ளே போட்டிருந்தால் நானே விஷம் வைத்த மாதிரி ஆகியிருக்கும் என்று பையோடு கொண்டுபோய் வெளியில் போட்டேன். மீன் இதற்குள் தலையைக் கீழே தொங்கப்போட ஆரம்பித்திருந்தது.

மறுநாள் காலையில் திரும்பவும் விம்கோ நகர் போனேன். அங்கே தண்டபாணி என்பவரின் கிரானைட் கடை வாசலில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் குவிந்திருந்தன. எவ்வளவு என்று கேட்டேன். "வேஸ்ட்டு பீஸ் தாம்மா, எவ்ளோ வேணா எட்த்துனு போ" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதற்கு அழுகிறேன் என்று அந்த மனிதர் பயந்துபோய், ஒரு பையனைக் கூப்பிட்டுக் கல்லை ஆட்டோ வரைக்கும் தூக்கி வைக்கச் சொன்னார்.

மூன்று துண்டு. இரண்டு உயரமானவை, ஒன்று மேலே மூடப் பலகை மாதிரி. வினிகர் விட்டேன், பொங்கவில்லை. ஐந்து நிமிஷம் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. காந்தம் வழுக்கி விழுந்தது. கூர் முனைகளைச் சிமெண்டுப் படியில் மணிக்கணக்காகத் தேய்த்து மழுக்கினேன். சுடுதண்ணீரில் கழுவி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியட்டும் என்று வாசல் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு, ஜெயவேல் அண்ணன் வீட்டுக்கு நேரிலேயே போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். புதுச் செய்தி ஒன்றும் இல்லை. இன்னொரு படகும் வந்துவிட்டதாம், வெற்றியின் படகுதான் பாக்கி.

திரும்பி வந்தால், உயரமான கல் ஒன்றுக்கு மஞ்சள் பூசி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. மேலே இரண்டு நந்தியாவட்டை. கீழே கற்பூரம் எரிந்த கரி. பக்கத்து வீட்டு மலர் வேறு கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறாள்.

"அத்தே! இன்னா பண்ணி வெச்சிக்கீற?"

"நட்டு வெச்ச கல்லாச்சே, சும்மா வுடலாமா? மஞ்ச தடவினேன்."

"அது தொட்டிக்குள்ள போவற கல்லு! குங்குமத்துல சுண்ணாம்பு கீது, மீன் செத்துடும்!"

"வேற கல்லு வெச்சிக்கோ. இத்தாண்ட நான் சொல்லிட்டேன்."

"கல்லாண்ட இன்னா சொன்ன?"

"என் புள்ள வர்ற வரிக்கும் இங்கியே நில்லு, அவன் வந்தப்பால எங்கனா போன்னு சொன்னேன்." சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தெருமுனையைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். இன்னொரு கல் எடுத்து வர ஒரு மணி நேரம் ஆகுமா? எனக்குத்தான் கோபம் மூக்கு மேலேயே இருக்கிறதே. கல்லைத் தூக்கிக் குழாயடியில் போட்டேன். தேங்காய் நாரை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன். மஞ்சள் தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று. அத்தை தடுக்கவில்லை.

"அவனுக்கு மட்டும் எதுனா..." என்று ஆரம்பித்தாள். முடிக்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் குழாயை மூடினேன். எனக்குச் சாமி நம்பிக்கை பெரிசாகக் கிடையாது. ஆனால் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், நின்ற கல்லைப் பிடுங்கியவள் நான்தான் என்று ஆயுசுக்கும் ஆகிவிடும். அவள் வாயால் சொல்லவே வேண்டாம். நானே தினமும் எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

கல்லை மறுபடியும் கழுவினேன், மறுபடியும் வினிகர் விட்டுப் பார்த்தேன். பிறகு தொட்டியில் இரண்டை நிறுத்தி, பலகைக் கல்லை மேலே வைத்தேன். மீன் முதலில் அசையவில்லை. அரை மணி கழித்து, மெதுவாக உடம்பைத் தூக்கிக்கொண்டு போய் அந்த இருட்டுக்குள் நுழைந்துகொண்டது. என்னால் நம்பவே முடியவில்லை. "அத்தே, பூந்துச்சி!" என்று கத்தினேன். அத்தை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆனால் என் கை சும்மா இருக்கவில்லை. உள்ளே இருக்கிறதா, மூச்சு விடுகிறதா? மேல் கல்லைத் தூக்கிப் பார்த்தேன். மீன் பதறிக்கொண்டு மூலைக்கு ஓடியது. கல்லை வைத்தேன், திரும்ப உள்ளே போயிற்று. சாயங்காலத்துக்குள் அப்படி நாலு தடவை. ஐந்தாம் தடவை கை விடும்போது அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஒளிய எடம் குட்த்துட்டு நீயே தொறந்து தொறந்து பாத்தா, அது எங்கமே போவும்?" என்றாள். குழாயடிச் சண்டைக்குப் பிறகு என்னோடு அவள் பேசிய முதல் பேச்சு அது. அன்றிரவு காற்று பலமாக அடித்தது. கரண்ட் போய்ப் போய் வந்தது. நான் எப்போது தூங்கினேன் என்று எனக்கே தெரியாது.

காலையில் எழுந்தபோது அத்தை தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மார்க்கெட்டுக்குப் போகவில்லை. நல்ல நாள், கெட்ட நாள் எதிலும் கூடையைத் தூக்காமல் இருந்ததில்லை அவள்.

"மீன்?" என்றேன்.

"உள்ள தூங்குது. கை வெக்காத."

"துன்னுச்சா?"

"காலைல ரெண்டு போட்டேன், துன்னுச்சி. நீ போய் மூஞ்சி கழுவு."

எனக்கு அப்படியொரு நிம்மதி. அன்று முழுக்க மழை. ஜெயவேல் அண்ணன் போனை எடுக்கவே இல்லை. நான் நடையாய் நடந்தேன், அழுதேன், கரண்ட்காரனைத் திட்டினேன். ஆனால் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கொஞ்சம் நின்றது. மீன் கண்ணுக்குத் தெரியவில்லைதான், அதற்காக இல்லையென்று ஆகிவிடுமா? அவரும் அப்படித்தான், எங்கேயோ ஒதுங்கியிருக்கிறார், நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். அத்தையிடமும் சொன்னேன். அவள் "ஆமாமே" என்றாள். மத்தியானம் ரசம் சோற்றைப் பிசைந்து, சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் என் கையில் உருண்டை உருண்டையாக வைத்தாள். நான் தின்று முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. தொட்டியில் சக்கர் மீன் அந்த மஞ்சள் பூசிய கல்லின் மேல் ஒட்டிக்கொண்டு, வாயால் தடவித் தடவி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. கல் நல்ல கல்தான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்கடுத்த நாள் காலை பத்து மணிக்கு, தெரியாத நம்பரிலிருந்து போன். எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அத்தை பிடுங்கி எடுத்தாள்.

"ஹலோ... அம்மா? நான் தாம்மா."

அத்தை போனைக் காதிலிருந்து எடுத்து, அதையே வெறித்துப் பார்த்தாள். பிறகு என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கிருஷ்ணப்பட்டணத்தில்தான் இருக்கிறார்கள். இன்ஜின் நின்று, வேறொரு படகு கட்டி இழுத்து வந்ததாம். ஒயர்லெஸ் போச்சு, போனும் நனைந்துவிட்டது, இது கரையில் யாரோ கொடுத்த போன். படகில் போன ஒன்பது பேருக்கும் ஒன்றும் இல்லை. நான் அழுதேன், திட்டினேன், "உன்ன யாரு கடலுக்குப் போவச் சொன்னது?" என்று பைத்தியக்காரி மாதிரி கேட்டேன். அவர் சிரித்தார்.

"சரி, அத்த வுடு. என் மீன் எப்டி கீது?"

"சோக்கா கீது! கல்லு வெச்சி வூடு கட்டிக் குட்த்துட்டேன். உள்ள குந்திகினு வெளிய வர மாட்டேங்குது."

"மெய்யாலுமா? இதுல வீடியோ வரும், காட்டு."

போனை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தண்ணீருக்குள் விட்டேன். "சுஜா, வேணாம்" என்றாள் அத்தை பின்னாலிருந்து. "இன்னிக்கு ஒரு நாளு தொறக்கலாம் அத்தே" என்று சிரித்துக்கொண்டே மேல் கல்லைத் தூக்கினேன்.

உள்ளே ஒன்றும் இல்லை. கல்லைச் சுற்றிப் பார்த்தேன், பில்டருக்குப் பின்னால் பார்த்தேன். சக்கர் மீன் மட்டும்தான் விலுக்கென்று ஓடியது.

"அங்க இல்லமே அது" என்றாள் அத்தை. "முந்தாநேத்து ராத்திரியே பூட்ச்சி போல. நேத்து விடியக்காத்தால நான் எழுந்து பாத்தேன். நீ தூங்கினு இருந்த. நான் தான் கைய வுட்டு எடுத்தேன். ராத்திரி கரண்ட் நின்னு தொட்டிக்கு காத்து போவலியோ, நாலு நாளு பட்டினி கெடந்துதோ, தெரில. கல்லு மேல தப்பு இல்ல."

"எங்க போட்ட?"

"பின்னால கற்பூரவல்லி பக்கெட்டுல பொதச்சேன். அவன் கடல்ல கீறப்போ அத கடல்ல போடுவனா?"

"ஏன் அத்தே என்னாண்ட சொல்லல?"

"உன் மாமன் கடல்ல கீறப்போ வூட்டு ஆடு செத்துச்சி. எதுத்த வூட்டுக்காரி ஓடியாந்து, இனிமே உன் புருஷன் வர மாட்டான்டீன்னா. ரெண்டு நாளு கழிச்சி தான் சேதி வந்துச்சி. அந்த ரெண்டு நாளு நான் பட்டது எனக்குத் தான் தெரியும். உனக்கு எதுக்குமே அது?"

சொல்லி முடித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகன் குரலைக் கேட்டபோதுகூட அழாதவள், அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். ஓவென்று, வாய்விட்டு. நேற்று முழுக்க அந்தக் காலிக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, தன் மகன் செத்துவிட்டான் என்றே நினைத்துக்கொண்டு, இவள் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்திருக்கிறாள். அவள் சாமியைச் சாக்கடையில் கழுவிவிட்ட எனக்கு.

ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். போன் தரையில் மல்லாந்து கிடந்தது. "ஹலோ, இன்னா ஆச்சி? யாருனா பேசுங்களேன்" என்று அதற்குள்ளிருந்து அவர் கத்திக்கொண்டே இருந்தார்.